இருபது குரல்கள், ஒரு மேடை: பெரிய சேர்ந்திசை ராக் குழுவை உருவாக்கும் முறை

2000ஆம் ஆண்டு ஜூலை மாதம், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து டாலஸ் நகரில், ஜிப்சி டீ ரூம் என்ற அரங்கில், கிராண்டாடி, பிரைட் ஐஸ் ஆகிய குழுக்களுக்கு முன்பாக வாசிக்க ஒரு புதிய குழு மேடையேறியது. அதில் ஏறத்தாழ 13 பேர் இருந்தார்கள். விரைவிலேயே எண்ணிக்கை இருபதைத் தாண்டியது. தி பாலிஃபோனிக் ஸ்ப்ரீ என்ற அந்தக் குழுவின் தலைவர் டிம் டெலாட்டர், அதற்கு முன் ட்ரிப்பிங் டெய்சி என்ற ராக் குழுவின் பாடகராக இருந்தவர். 1999 அக்டோபரில் கிட்டார் கலைஞர் வெஸ் பெர்கிரன் இறந்ததும் அந்தக் குழு கலைந்தது. துக்கத்துக்குப் பிறகு டெலாட்டர் ஒரு சிறிய குழுவுக்குத் திரும்பாமல், குழல்களும் தந்திகளும் பாடகர் வரிசையும் கொண்ட ஒரு பெரும் கூட்டத்தை மேடையில் நிறுத்தினார் என்பதே இசையுலகம் அவரைத் திரும்பிப் பார்க்கக் காரணமாயிற்று.

15 முதல் 25 பேர் வரை கொண்ட ஒரு சேர்ந்திசை பாப் ராக் குழுவைத் திரட்டிப் பழக்கி, கையைக் கடிக்காமல் நடத்துவது எப்படி என்பதை, அந்தக் குழு வளர்ந்த விதத்தை அருகில் வைத்துக்கொண்டு விளக்குகிறேன். தொடங்கும் முன் உங்கள் பாடல்களில் மூன்றை எடுத்து, நான்கு பேர் மட்டும் வாசித்தால் அவை குறைபட்டுப் போகுமா என்று கேட்டுப் பாருங்கள். குறைபடாது என்றால் உங்களுக்குத் தேவை நான்கு பேர் கொண்ட குழுதான். மீதிப் பதினாறு பேரை வீணாக அலைக்கழிக்க வேண்டாம். இருபது பேர் சேர்ந்து எழுப்பும் ஒலியைத் தனியொரு வாத்தியமாகக் கருதி, அதற்கென்றே எழுதத் தயாராக இருப்பவர்களுக்கு மட்டுமே இந்த வேலை பலன் தரும்.

ஆட்களைச் சேர்த்தல்

முதலில் டிரம்ஸ், பேஸ், கிட்டார், கீபோர்டு, முதன்மைப் பாடகர் என்று ஐந்தாறு பேர் கொண்ட அச்சாணி வட்டத்தை அமையுங்கள். இவர்கள் மாறக் கூடாது. இவர்களைச் சுற்றி எட்டு முதல் பத்துப் பாடகர்கள், அதன் பிறகு நிறம் சேர்க்கும் வாத்தியங்கள். பாலிஃபோனிக் ஸ்ப்ரீயில் ஹார்ப், பிரெஞ்சு ஹார்ன், புல்லாங்குழல், டிரம்பெட், டிராம்போன், வயலின், செல்லோ, கையால் தொடாமலே வாசிக்கப்படும் தெரமின் ஆகியவை எல்லாம் இருந்தன. இந்தப் பட்டியலை அப்படியே நகலெடுக்கத் தேவையில்லை. ஸ்வீடனின் யோன்ஷோப்பிங் நகரில் 2005இல் எமானுவேல் லுண்ட்கிரென் தம் நண்பர்களைத் திரட்டி உருவாக்கிய ஐயாம் ஃப்ரம் பார்சிலோனா என்ற 29 பேர் குழுவில், யாருக்கு எது வாசிக்கத் தெரிந்ததோ அதுவே குழுவின் வாத்தியமாயிற்று. இருப்பவர்களை வைத்து எழுதுவதுதான் எளிது.

பாடகர்களைத் தேர்ந்தெடுக்கும்போது தனியாகப் பாடச் சொல்லிக் கேட்பது போதாது. ஏற்கெனவே சேர்ந்துவிட்ட இருவருக்கு நடுவில் புதியவரை நிறுத்தி, மூவரையும் மெல்லிய குரலில் ஒரே வரியைப் பாடச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்கும்போது நடுவிலிருப்பவரின் குரல் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு வந்தால், அவர் எவ்வளவு நன்றாகப் பாடுபவராக இருந்தாலும் பாடகர் வரிசைக்கு ஏற்றவர் அல்லர். அகலமாக ஊசலாடும் அதிர்வுக் குரல்கள் இதில்தான் அதிகம் தோற்கும். மாறாக, சுமாரான குரல் வளமும் நல்ல காதும் உள்ளவர்கள் இங்கே பெரிய சொத்து.

பெரிய குழுவில் இன்னொரு கணக்கும் உண்டு. ஒவ்வொருவரும் பத்து ஒத்திகைகளில் ஒன்பதுக்கு ஒழுங்காக வந்துவிடுபவர்கள் என்று வைத்துக்கொள்வோம். இதைவிட நல்ல ஆட்கள் கிடைப்பது கடினம். அப்படியிருந்தும் இருபது பேரும் ஒரே நாளில் கூடியிருக்கும் வாய்ப்பு நூற்றுக்குப் பன்னிரண்டுதான். அதாவது எட்டு ஒத்திகைகளில் ஏழில் யாராவது ஒருவர் இருக்க மாட்டார். எனவே வராதவர்மீது கோபப்படுவதால் பயனில்லை, வராமையைத் தாங்கும்படி குழுவை அமைப்பதே வழி. பாடகர் வரிசையின் எந்தக் குரல் பகுதியையும் ஒருவரிடம் மட்டும் ஒப்படைக்காதீர்கள். ஹார்னும் செல்லோவும் வாசிக்கும் முக்கிய மெட்டுகளைக் கீபோர்டு கலைஞரின் தாளில் சிறிய எழுத்தில் குறித்து வையுங்கள். அவர்கள் இல்லாத நாளில் அவர் அவற்றை வாசித்துவிடலாம்.

பாட்டு எழுதுதல்

கூட்டத்துக்கு எழுதும்போது முதலில் கைவிட வேண்டியது வார்த்தைப் பெருக்கம். இருபது வாய்கள் ஒரே சமயத்தில் உச்சரிக்கும் நீண்ட வரி, அரங்கின் கடைசி வரிசையில் வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும். பாடகர் வரிசைக்குக் குறுகிய வரிகளையும் நீண்ட உயிரெழுத்துகளில் முடியும் சொற்களையும் கொடுங்கள். கதை சொல்லும் வேலையை முதன்மைப் பாடகர் பார்த்துக்கொள்ளட்டும். ஒரே வரி எட்டு முறை திரும்ப வருவதைப் பற்றி வெட்கப்பட வேண்டியதில்லை. நால்வர் குழுவில் அது சலிப்பூட்டும். பெரிய குழுவிலோ, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வாத்தியமோ ஒரு குரல் பகுதியோ கூடுதலாகச் சேர்ந்துகொள்ள முடிவதால், திரும்பத் திரும்ப வருவதே ஏற்றமாக மாறிவிடும்.

எல்லாரும் ஒரே மெட்டைப் பாடும் இடங்கள் பாட்டில் பாதிக்கு மேல் இருக்கட்டும். பெண்கள் ஒரு ஸ்தாயியிலும் ஆண்கள் அதற்குக் கீழ் ஸ்தாயியிலும் ஒரே மெட்டைப் பாடுவதற்கு நிகரான பலம் எந்த நான்கு குரல் இசைவுக்கும் கிடையாது. பயிற்சி பெறாத பெண் குரல்களுக்கு நடு சி சுரத்துக்குச் சற்றுக் கீழே உள்ள ஏ சுரத்திலிருந்து மேல் டி வரை வசதியாக இருக்கும். ஆண்களுக்கு அதே எல்லை ஒரு ஸ்தாயி கீழே. மெட்டு இந்த எல்லைக்குள் அடங்கினால் யாரும் கத்த வேண்டியிராது. சோப்ரானோ, ஆல்டோ (பெண்களின் மேல், கீழ்க் குரல்கள்), டெனர், பாஸ் (ஆண்களின் மேல், கீழ்க் குரல்கள்) என்று நான்காகப் பிரிப்பதை உச்சக்கட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டால், அந்தப் பிரிவு நிகழும் கணத்தில் அரங்கம் திடீரென்று விரிந்ததுபோல் இருக்கும்.

சுருதி தேர்வில்தான் ராக் கலைஞர்கள் முதலில் சிக்குவார்கள். கிட்டார் கலைஞருக்கு ஈ, ஏ, டி சுருதிகள் கைக்கு இயல்பானவை. ஆனால் டிரம்பெட் பி ஃபிளாட்டில் அமைந்த வாத்தியம், அதன் தாளில் எல்லாச் சுரங்களும் ஒரு முழுச்சுரம் ஏற்றியே எழுதப்படும் என்பதால், நீங்கள் ஈ மேஜரில் எழுதிய பாட்டு அதை வாசிப்பவரின் தாளில் ஆறு ஷார்ப்புகளோடு எஃப் ஷார்ப் மேஜராக வந்து நிற்கும். பிரெஞ்சு ஹார்ன் கலைஞருக்கு ஐந்து ஷார்ப்புகள். அவர்கள் தடுமாறுவதைப் பார்த்துத் திறமைக் குறைவு என்று நினைப்பது அநியாயம். இதற்குத் தீர்வு மிக எளிது. பாட்டை அரைச்சுரம் ஏற்றி எஃப், பி ஃபிளாட், ஈ ஃபிளாட் சுருதிகளில் வையுங்கள். கிட்டாரின் முதல் கட்டத்தில், எல்லாத் தந்திகளையும் ஒருசேர அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வியை மாட்டினால், கிட்டார் கலைஞர் தம் பழைய ஈ, ஏ, டி விரலமைப்புகளையே வாசித்துக்கொண்டிருக்கலாம். குழல் கலைஞர்களின் முகம் மலர்வதை அன்றே காண்பீர்கள்.

வாத்திய அமைப்பில் யார் எப்போது வாசிக்கக் கூடாது என்பதை எழுதி வைப்பதும் அவசியம். ஹார்ப்பும் முறுக்கேற்றிய எலெக்ட்ரிக் கிட்டாரும் ஒரே சமயத்தில் ஒலித்தால் ஹார்ப் கலைஞர் மேடையில் உட்கார்ந்திருப்பது கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். இருபது பேரும் முதல் வரியிலிருந்தே வாசித்தால் பாட்டு ஏறுவதற்கு இடமிருக்காது. மூன்று பேரோடு தொடங்கி, மற்ற பதினேழு பேர் அசையாமல் காத்திருப்பதைப் பார்வையாளர்கள் பார்க்கும்படி விடுங்கள்.

ஒத்திகை

எல்லாரையும் ஒன்றாக வரவழைத்து, குழல் பகுதியில் ஒரு தவறைத் திருத்த இருபது நிமிடம் செலவழித்தால், மீதிப் பேர் கைபேசியை எடுத்துவிடுவார்கள். பாடகர் வரிசை, குழல்-தந்தி வாத்தியங்கள், அச்சாணி வட்டம் என்று மூன்றாகப் பிரித்துத் தனித்தனி ஒத்திகை வைத்து, பிறகு ஒரு முறை ஒன்றுகூடுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பொறுப்பாளர் இருக்கட்டும். கூட்டு ஒத்திகையில் ஒருவர் மட்டுமே நிறுத்தவும் தொடங்கவும் அதிகாரம் உள்ளவராக இருக்க வேண்டும். இருபது பேரிடையே ஜனநாயகம் பயண ஏற்பாட்டுக்குப் பயன்படும். நான்காம் தாளச் சுற்றில் டிராம்போன் நுழைய வேண்டுமா என்பதற்குப் பயன்படாது.

பாடகர் வரிசையோடு முதலில் செய்ய வேண்டியது மூச்சுப் பயிற்சிதான். நீண்ட சுரத்தில் அருகருகே நிற்பவர்கள் ஒரே இடத்தில் மூச்சு வாங்காமல் மாற்றி மாற்றி வாங்கப் பழகினால், கேட்பவர்களுக்கு அந்தச் சுரம் அறுபடாமல் ஓடும். அடுத்தது மெய்யெழுத்துகள். ஒரு சொல் ‘ஸ்’ என்று முடிந்தால் பத்துப் பேரும் பத்துக் கணங்களில் முடித்து, மைக்கில் அது பாம்பு சீறியதுபோல் பதிவாகும். இருவரை மட்டும் அந்த ஒலியை உச்சரிக்கச் சொல்லி, மற்றவர்களை உயிரெழுத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வது பழைய உபாயம், இன்றும் தவறுவதில்லை. ஒவ்வொரு ஒத்திகையையும் கைபேசியில் பதிவுசெய்து அன்று இரவே அனைவருக்கும் அனுப்புங்கள். வராதவருக்கும் அதுவே பாடம்.

மேடையும் ஒலியும்

நல்ல பாடல்களும் நல்ல ஆட்களும் இருந்தும் பெரிய குழுக்கள் பெரும்பாலும் மேடை ஒலியில்தான் தோற்றுப்போகின்றன. இருபது பேர் பாடினால் இருபது மடங்கு சத்தம் வரும் என்ற நம்பிக்கையிலிருந்து தொல்லை தொடங்குகிறது. சம வலுவுள்ள குரல்கள் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலியளவு சுமார் 3 டெசிபல் மட்டுமே கூடும். ஒரு குரலிலிருந்து இருபது குரலுக்குப் போனால் கிடைப்பது 13 டெசிபல். காதுக்கு அது ஏறக்குறைய இரண்டரை மடங்கு சத்தமாகப் படும், அவ்வளவுதான். பலமாக அடிக்கப்படும் ஒரே ஒரு டிரம்ஸ் அந்த இருபது பேரையும் விழுங்கிவிடும். பாடகர் வரிசையால் கிடைப்பது ஒலியின் தடிமன். குரல்களுக்கிடையே உள்ள நுண்ணிய சுருதி வேறுபாடும் நேர வேறுபாடும் சேர்ந்து உருவாக்கும் அந்தத் தடிமனை அரங்கத்துக்குக் கொண்டுசேர்ப்பது மைக்கின் வேலை.

இங்கே அடுத்த பொறி காத்திருக்கிறது. திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம், ஒலிபெருக்கி ஊளையிடத் தொடங்குவதற்கு முன் நமக்கிருக்கும் இடைவெளி சுமார் 3 டெசிபல் குறைகிறது. தலைக்கு ஒரு மைக் என்று பத்து மைக்குகளைத் திறந்தால், ஒரு மைக்கோடு ஒப்பிட 10 டெசிபல் இழந்திருப்பீர்கள். ஆகவே இரண்டு மூன்று பேருக்கு ஒரு மைக் என்று பங்கிட்டு, அவர்களை மைக்குக்கு மிக அருகில் நிறுத்துங்கள். அடுத்தடுத்த மைக்குகளுக்கிடையே உள்ள தூரம், பாடுபவருக்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். தேவாலயச் சேர்ந்திசைக்குத் தொங்கவிடுவதுபோல் மேலேயிருந்து நுண்ணுணர்வு மைக்குகளைத் தொங்கவிடும் யோசனை, டிரம்ஸ் இருக்கும் மேடையில் டிரம்ஸைப் பதிவுசெய்வதற்குத்தான் உதவும்.

நிற்கும் வரிசையையும் ஒலியின் வேகமே தீர்மானிக்கிறது. ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. அகன்ற மேடையில் டிரம்ஸிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிற்கும் பாடகருக்கு அடி விழும் ஓசை ஏறக்குறைய 30 மில்லிவினாடி தாமதமாக எட்டும். அவர் அதைக் கேட்டுப் பாடும் குரல் திரும்ப டிரம்ஸ் கலைஞரை அடையும்போது தாமதம் 60 மில்லிவினாடியாகிறது. அவர் ‘கூட்டம் இழுக்கிறது’ என்று வேகத்தைக் குறைப்பார், பாடகர்கள் அதைக் கேட்டு இன்னும் தாமதிப்பார்கள், பாட்டு சேற்றில் வண்டிபோல் நகரும். இதைத் தவிர்க்க டிரம்ஸையும் பேஸையும் நடுவில் வைத்து, பாடகர்களைப் பின்னால் படிகளில் நெருக்கமாக நிறுத்துங்கள். அவர்களுக்கு அருகிலேயே, டிரம்ஸும் முதன்மைக் குரலும் மட்டும் ஒலிக்கும் மானிட்டர் (கலைஞர்களை நோக்கிய மேடை ஒலிபெருக்கி) ஒன்று இருக்கட்டும். அதற்கும் மேல், காதை நம்பாமல் கண்ணை நம்பச் சொல்லுங்கள்: ஒருவர் கையசைப்பதைப் பார்த்து எல்லாரும் நுழைவதில் தாமதமே கிடையாது. பிரெஞ்சு ஹார்னின் வாய் பின்பக்கம் பார்த்திருப்பதை நினைவில் வைத்து, அதற்குப் பின்னால் பாடகர்களின் மைக் வராதபடி அதை ஓரத்தில் அமர்த்துங்கள்.

ஒலிப் பரிசோதனைக்கு நால்வர் குழுவுக்கு ஆவதைப்போல் மூன்று நான்கு மடங்கு நேரம் ஆகும். அரங்கம் அவ்வளவு நேரம் தராது. யார் எங்கே, எந்த மைக், எந்த இணைப்பு என்று ஒரே பக்கத்தில் வரைந்த மேடை வரைபடத்தை ஒரு வாரம் முன்பே ஒலிப் பொறியாளருக்கு அனுப்பிவிடுங்கள். முடிந்தால் உங்கள் பாடல்களை அறிந்த ஒலிப் பொறியாளரைக் குழுவின் அங்கமாகவே சேர்த்துக்கொள்ளுங்கள். என் கணிப்பில் இருபத்தோராவது கலைஞரைவிட அவர் முக்கியம்.

உடை

பாலிஃபோனிக் ஸ்ப்ரீ என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது வெள்ளை அங்கிகள்தான். இருபது பேர் இருபது விதமாக உடுத்தினால் கண் ஒவ்வொருவராகத் தாவும். ஒரே அங்கி அவர்களை ஒரே உருவாக்கியது. அதன் விலையாக, இது ஏதோ மதக் கூட்டமா என்ற கேள்வியையும் அவர்கள் ஆண்டுக்கணக்கில் சுமந்தார்கள். பிறகு பல வண்ண அங்கிகளுக்கும், 2007இல் கறுப்பு இராணுவப் பாணி உடைக்கும் மாறினார்கள். நீங்கள் எதைத் தேர்ந்தாலும், கையை உயர்த்த முடிகிறதா, மேடை விளக்கின் சூட்டில் ஒரு மணி நேரம் தாங்குமா, வயலினின் தாடைத் தாங்கியில் துணி சிக்குமா என்பதை முதலில் பாருங்கள்.

பதிவும் பரவலும்

பாலிஃபோனிக் ஸ்ப்ரீயின் முதல் ஆல்பம் உண்மையில் நிகழ்ச்சி வாய்ப்புகள் தேடுவதற்காகச் சில நாள்களில் செய்த மாதிரிப் பதிவு. 2002இல் அதுவே வெளியீடாயிற்று. இதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. பெரிய குழுவை வார்த்தையால் விவரித்து யாரையும் நம்பவைக்க முடியாது. மூன்று பாடல்களையாவது சீக்கிரம் பதிவுசெய்யுங்கள். அச்சாணி வட்டத்தை முதலில் ஒன்றாக வாசிக்கவைத்துப் பதிந்து, அதன்மேல் குழல், தந்தி, கடைசியாகப் பாடகர் வரிசை என்று அடுக்கலாம். பத்துப் பேரை இரண்டு முறை, இரண்டாம் முறை இடம் மாற்றி நிறுத்திப் பாடவைத்தால் இருபது பேர் போலவே ஒலிக்கும். ஆனால் அதை நாற்பது ஐம்பதாகப் பெருக்காதீர்கள்; மேடையில் வந்து கேட்பவர் ஏமாந்துபோவார்.

பெரிய குழுவுக்கு விளம்பரத்தில் ஒரு வசதி உண்டு: அதன் ஒரு புகைப்படமே பாதி விளம்பரம். லண்டனில் 2002ஆம் ஆண்டின் மெல்ட்டவுன் இசை விழாவைத் தொகுத்தளித்த பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவி, பாலிஃபோனிக் ஸ்ப்ரீயை அங்கே அழைத்தார். 2003இல் வோக்ஸ்வாகனும் ஆப்பிளும் சேர்ந்து வெளியிட்ட விளம்பரத்தில் அவர்களின் பாட்டு ஒலித்தது. அதே பாட்டு 2004இல் ஒரு ஹாலிவுட் படத்திலும் இடம்பெற்றது. அதே ஆண்டு போவியின் சுற்றுப்பயணத்திலும் அவர்கள் வாசித்தார்கள். முப்பது வினாடியில் எழுச்சியைக் காட்ட வேண்டிய விளம்பரத்துக்கும் படக் காட்சிக்கும் கூட்டுக்குரல் பாட்டு நன்றாகப் பொருந்தும் என்பதால், இந்த வழியை நீங்களும் முயலலாம். அதற்குப் பாட்டின் ஆக்க உரிமை, ஒலிப்பதிவின் உரிமை என இரண்டுக்கும் தனித்தனி அனுமதி தேவை. இரண்டும் யாரிடம் இருக்கின்றன என்று உடனே பதில் சொல்ல முடியாத குழு வாய்ப்பை இழக்கும்.

பணம்

ஒரு நிகழ்ச்சிக்கு 2400 டாலர் கிடைத்தால் நால்வர் குழுவில் தலைக்கு 600. 24 பேர் குழுவில் 100. அரங்கத்துக்காரர் ஆள் எண்ணிக்கையைப் பார்த்துக் கூலியை உயர்த்த மாட்டார். படுக்கை வசதியுள்ள சுற்றுப்பயணப் பேருந்துகளில் வழக்கமாக 12 படுக்கைகள்தான் இருக்கும் என்பதால், பதின்மூன்றாவது ஆள் சேர்ந்த அன்றே இரண்டாவது பேருந்தின் கணக்கு தொடங்குகிறது. எனவே முதல் இரண்டு ஆண்டுகளுக்கு உள்ளூரிலும் அன்றே திரும்பிவிடக்கூடிய தொலைவிலும் மட்டும் நிகழ்ச்சி ஒப்புக்கொள்ளுங்கள்; பார்வையாளர்களையும் இருபது பேரின் சுற்றமே பாதி நிரப்பிவிடும்.

பணம் வருவதற்கு முன்பே, ஒரே ஒரு தாளிலாவது, மூன்று விஷயங்களை எழுதிக் கையெழுத்திடுங்கள்: பாட்டை எழுதியவர் யார், பதிவில் பங்கேற்றவர்களுக்கு என்ன பங்கு, விலகிப் போகிறவருக்கு என்ன உரிமை. அமெரிக்கச் சட்டத்தில், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது ஒரு படைப்பின் கூட்டாசிரியர்கள் அதற்குச் சம உரிமையாளர்களாகக் கருதப்படுவார்கள். ஒத்திகையில் ஒரு வரியைத் திருத்திய ஒன்பதாவது பாடகரும் பின்னொரு நாள் தம்மைக் கூட்டாசிரியர் என்று சொல்லிக்கொள்ள இடம் கொடுக்காதீர்கள். நிறுவனங்களை மட்டும் நம்பியிருப்பதும் ஆபத்து. பாலிஃபோனிக் ஸ்ப்ரீயின் 2007 ஆல்பத்தை வெளியிட்ட டி.வி.டி. (TVT) ரெக்கார்ட்ஸ் நிறுவனம் மறு ஆண்டே திவால் பாதுகாப்பு கோரியது. 2013இல் வந்த ஆல்பத்துக்கு அவர்கள் இரசிகர்களிடமே இணையம் வழியாக நிதி திரட்டினார்கள். டெலாட்டரும் அவருடைய மனைவி ஜூலி டாய்லும் தங்களுக்கென்று குட் ரெக்கார்ட்ஸ் என்ற வெளியீட்டு நிறுவனத்தை வைத்திருந்தது அவர்களுக்குக் கைகொடுத்தது.

ஆள் மாறுவதையும் இழப்பாக மட்டும் எண்ண வேண்டாம். பின்னாளில் செயின்ட் வின்சென்ட் என்ற பெயரில் புகழ்பெற்ற ஆனி கிளார்க் இந்தக் குழுவில் கிட்டார் வாசித்துவிட்டுத் தம் வழியில் சென்றவர்தான். கடைசி வேலையாக, ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு வடிவங்களை எழுதி ஒரே கோப்பில் வையுங்கள்: 24 பேருக்கான முழு வடிவம் ஒன்று, ஒரே பேருந்தில் அடங்கும் 12 பேருக்கான சிறிய வடிவம் மற்றொன்று. சிறிய வடிவத்தில் முதலில் நீக்க வேண்டியவை இரட்டிக்கப்பட்ட குழல்களும் இரண்டாம் கிட்டாரும். பாடகர்களை ஐந்துக்குக் கீழே குறைக்காதீர்கள், அதற்குக் கீழே போனால் காது கூட்டத்தைக் கேட்காமல் தனித்தனி ஆட்களைக் கேட்கத் தொடங்கிவிடும்.